இடது கண் மைனஸ் ஆறு

புத்தகம் கைக்கு வந்ததும் லென்ஸ் அக்கா முதல் பக்கத்தைத் திறப்பதில்லை. நடுவே வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்கள் இருக்குமே, நேராக அங்கேதான் போவார். கட்டைவிரல் அளவு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, படத்தில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவார். அப்புறம் ஒவ்வொருவருக்கும் பவர் சொல்வார். "தாடிக்காரனுக்கு மைனஸ் மூணு. பக்கத்துல இளிக்கிறவனுக்கு ஒண்ணும் கிடையாது, சும்மா ஸ்டைலுக்கு மாட்டியிருக்கான்." பதினாறு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டுக் கடை முதலாளிக்கு (மூக்குக்கண்ணாடிக் கடை அது) அலுப்புகூட அலுத்துவிட்டது. "என்னக்கா, இன்னிக்கு எத்தனை பேருக்குக் கண்ணு போச்சு?" என்று கேட்டுவிட்டு வாசல்பக்கம் போய்விடுவார்.

பவர் சொல்வதில் மந்திரம் ஒன்றுமில்லை. கிட்டப்பார்வைக் கண்ணாடி வழியாகத் தெரியும் கன்னத்தின் ஓரம், வெளியே இருக்கும் கன்னத்தைவிடச் சற்று உள்ளே தள்ளித் தெரியும். பவர் கூடக்கூட அந்த வெட்டு ஆழமாகும். கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவதே அக்காவின் வேலை. ஒரு மேசை, ஒரு குழாய், தேய்க்கும் இயந்திரம், அதிலிருந்து வழியும் வெள்ளைச் சேறு. அறையின் மொத்தச் சொத்து அவ்வளவுதான். லென்ஸை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் நாலு நிமிடம் இயந்திரம் தானாக ஓடும். அந்த நாலு நிமிடம்தான் அக்காவின் படிப்பு நேரம். "ஒரு கண்ணுக்கு ஒரு பக்கம். ரெண்டு கண்ணும் இருக்கிறவங்க வந்தா ரெண்டு பக்கம்."

படிப்பதெல்லாம் ஒரே வகை. அறையை அடைத்துக்கொண்டு நின்ற கணினி மேசைமேல் வைக்கும் பெட்டியாகச் சுருங்கி, முதன்முதலாக வீடுகளுக்குள் நுழைந்த சில வருடங்களின் வரலாறு. எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். அக்கா பள்ளிக்கூடத்தோடு நின்றவர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் புத்தகத்தை முடிக்கப் பதினோரு மாதம் பிடித்தது. அதை எடுத்த காரணமும் வேடிக்கைதான். அட்டையில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். அவன் கண்ணாடியின் மூக்குப்பகுதி உடைந்து, ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. "இந்தப் பிள்ளை புதுக் கண்ணாடி வாங்குச்சா இல்லையான்னு தெரிஞ்சாகணுமே" என்று எடுத்தவர், அதன் பிறகு நிறுத்தவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் 'நம்ம பசங்க'. "நம்ம பசங்க பெட்டிய வாங்கிப் பிரிச்சா, உள்ள வெறும் உதிரிப் பாகம். ராத்திரி பகலா உட்கார்ந்து ஈயத்தால பத்த வெச்சு ஒட்டினா, கடைசியில என்ன வருது? நாலு விளக்கு மினுக்குது. சுவிட்ச அணைச்சா அதுவும் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பி!" பேருந்து ஓட்டும் கணவர் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு வருடம் கழித்துத்தான் வாய் திறந்தார். "ஆமா, இந்தப் பசங்க யாரு, உங்க அத்தை வீட்டுப் பசங்களா? இன்னும் ஒரு வேலைக்கும் போகலையா?"

மகள் கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அம்மாவைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஒரு போட்டோவ எனக்கு அனுப்பச் சொன்னா மூணு தடவ உங்க முதலாளிக்கே அனுப்பற. உனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர் வரலாறு?"

"அனுப்பறதுக்குத்தான் நீ இருக்கியே. ஜெயிச்சவன் கதைய யாரு வேணா படிக்கலாம்டி. இவனுங்க பாரு, காசு போட்டு வாங்கி வெச்சுட்டு, இத வெச்சு என்ன பண்றதுன்னு ஒருத்தன ஒருத்தன் கேட்டுக்கறானுங்க. என்ன செய்யறோம்னே தெரியாம எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கானுங்க!"

சொல்லிவிட்டு அக்கா கொஞ்சம் யோசிப்பார். தனக்கே அது முழுப் பதில்தானா என்று சந்தேகம் வந்ததுபோல இருக்கும்.

கடைக்கு வார விடுமுறை வியாழன். அன்று நூலகம். சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை அக்கா உள்ளே நுழைந்தபோது, வாசலோரத் தள்ளுவண்டியில் அவர் மாற்றி மாற்றி எடுத்துப் படிக்கும் ஏழு புத்தகங்களும் கிடந்தன. ஒவ்வொன்றிலும் 'நீக்கம்' என்று எழுதிய மஞ்சள் சீட்டு.

"சார், இதுங்கள எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

நூலகர் மெலிந்த மனிதர். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குபவர் என்று பெயர் வாங்கியவர். "பழைய தாள் வண்டி நாளைக்கு வருதுக்கா. கம்ப்யூட்டர் புத்தகம்னா பத்து வருஷந்தான் ஆயுசு. அதுக்கு மேல காலாவதி. ரூல்."

"அந்தப் பக்கம் ராஜாக்கள் சண்டை போட்ட புத்தகமெல்லாம் இருக்கே, அது?"

"அது வரலாறு."

"இது மட்டும் என்ன, சமையலா?"

"முதுகுல ஒட்டியிருக்கிற எண்ணப் பாருங்க. கம்ப்யூட்டர் எண். நான் என்ன பண்றது?"

எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் உள்ளே புரட்டிப் பார்க்காமல் எண்ணை ஒட்டியிருக்கிறார். வரலாறு பழையதாகிவிட்டது என்பதால் வரலாற்றையே எடைக்குப் போடப் போகிறார்கள். அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினாறு வருடத்தில் அவர் சொந்தமாக ஒரு புத்தகமும் வாங்கியதில்லை. இந்த ஏழும் போனால் நம்ம பசங்களும் போனார்கள்.

நூலகர் கல்நெஞ்சர் அல்ல. "சரி, உங்களுக்காக ஒண்ண வெச்சுக்கறேன். ஏழும் ஒரே கதைதானே? எது வேணும், சொல்லுங்க."

"ஒரே கதையா?" அக்கா வண்டியிலிருந்து பழுப்பு அட்டையையும் நீல அட்டையையும் இழுத்தார். கைப்பையிலிருந்து உருப்பெருக்கி வெளியே வந்தது. பழுப்புப் புத்தகத்தில் ஒரு பெண் மேசையில் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பெயர் இருந்தது. முதல் இருநூறு கணினிகளின் மின்சுற்றுப் பலகைகளையும் கையால் இணைத்தவள் என்ற குறிப்பும் இருந்தது. நீலப் புத்தகத்தில் ஒரு கூட்டத்தின் படம். ஆண்கள் அத்தனை பேருக்கும் பெயர் போட்டு, பின்வரிசையில் நின்ற ஒரே பெண்ணுக்கு மட்டும் 'உறுப்பினர் ஒருவரின் மனைவி' என்று எழுதியிருந்தார்கள்.

"ரெண்டும் ஒரே பொம்பள சார். தலைமுடி வேற, வயசு வேற, விடுங்க. கண்ணாடியப் பாருங்க. ஒரு கண்ணு மைனஸ் ஆறு, இன்னொண்ணுல பவரே இல்ல. நான் எத்தனையோ ஆயிரம் ஜோடி தேய்ச்சிருக்கேன், இப்படி ஒரு ஜோடி அஞ்சோ ஆறோதான் வந்திருக்கு. பழுப்பத் தூக்கிப் போட்டீங்கன்னா, இந்த அம்மா நீலத்துல காலாகாலத்துக்கும் யாரோ ஒருத்தர் பொண்டாட்டியாவே நிக்கும்."

நூலகர் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். விதி படிக்கும் கண் சும்மா இருக்குமா? "அக்கா, பழுப்புல கெட்ட கண்ணு இடது. நீலத்துல வலது. வேற ஆளு."

அக்கா உருப்பெருக்கியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். உண்மைதான். பதினாறு வருடமாக இதை எப்படிக் கவனிக்காமல் போனோம்? ஆசைப்பட்டதைத்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோமா? நாற்காலியில் உட்கார்ந்து நீலப் புத்தகத்தின் படத்தை மேலிருந்து கீழாக, லென்ஸில் கீறல் தேடுவதுபோலத் தேடினார். சுவரில் ஒன்றுமில்லை. கைகளில் ஒன்றுமில்லை. சட்டைகளுக்கு வந்ததும் நின்றார்.

"சார், உங்க சட்டைப் பை எந்தப் பக்கம்?"

நூலகர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இடது பக்கம். ஏன்?"

"முதலாளிக்கும் இடது, வீட்டுக்காரருக்கும் இடது. இந்தப் படத்துல பதினோரு ஆம்பளைங்க. பதினோரு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வலது பக்கம் தைச்சுக்கிட்டாங்களா?"

நூலகர் எண்ணினார். ஒன்பது வரை வந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். படத்தையே இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். திருப்பினால் வலது கண் இடது கண். பெண் அவளேதான்.

பிற்பகல் முழுவதும் இருவரும் மேசையில் உட்கார்ந்து பழைய எண்களை ஈரப்பஞ்சால் ஊறவைத்து உரித்தார்கள். நூலகர் தன் கைப்பட ஏழுக்கும் வரலாற்று எண் எழுதி ஒட்டினார். நீலப் புத்தகத்தில், பென்சிலால், அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதினார். நூலகப் புத்தகத்தில் பென்சில் படக்கூடாது என்று வாசலில் பலகை மாட்டியவரே அவர்தான்.

"ரூல் மீறிட்டேன்க்கா. பதிலுக்கு எனக்கு ஒண்ணு செய்யணும். சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் நடக்குது. இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அத அப்படியே அங்க சொல்லணும். அரை மணி நேரம் போதும்."

"அதுக்கென்ன சார், தாராளமா" என்று அக்கா சொன்னார். புத்தகங்கள் பிழைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு நாற்காலிகளைக் கண்டதுமே வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை கடையில் அவசர வேலை என்றார். பின்னறையில் நாள் முழுக்க ஓயாத வாய், வரிசையாக உட்கார்ந்தவர்களின் முன்னால் திறப்பேனா என்கிறது. "பேசறது பிரச்சினை இல்லடி," என்று மகளிடம் மட்டும் சொன்னார். "அவங்கல்லாம் படிச்சவங்க. நீ யாரும்மான்னு கேட்டா?"

"கேட்டா அவங்க கண்ணாடி பவரச் சொல்லு. வாய மூடிக்குவாங்க."

வருடம் ஒன்று ஓடிவிட்டது. அந்தப் பேச்சுக் கடன் அப்படியே நிற்கிறது. ஏழு புத்தகங்களும் ராஜாக்களுக்குப் பக்கத்தில் நிம்மதியாக இருக்கின்றன. வாசல் கரும்பலகையில் நூலகர் ஒவ்வொரு புதனன்றும் 'சனிக்கிழமை பேச்சு: நம்ம பசங்க' என்று எழுதி வைக்கிறார். வியாழக்கிழமை புத்தகம் மாற்ற வரும் லென்ஸ் அக்கா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்து, 'சனிக்கிழமை'க்கு முன்னால் மணிமணியான எழுத்தில் 'அடுத்த' என்று சேர்க்கிறார்.