நாலாம் அத்தியாயத்தில் நான் கட்டிய சுவர்

1. மஞ்சள் கார்டு

ஒரு மஞ்சள் போஸ்ட் கார்டு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அப்போது நான் செங்கல்பட்டில் ஓர் இளைஞர் மாத இதழில் உதவி ஆசிரியை. சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. அதற்குள் தொடர்கதை எழுதும் பாக்கியம் கிடைத்திருந்தது.

கதாநாயகன் கதிர், கடப்பாக்கம் பக்கத்துக் குப்பம் ஒன்றின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். குப்பத்தின் பெயரையும் தைரியமாகப் போட்டிருந்தேன். கடலுக்குப் போன அப்பா கரை திரும்பவில்லை. அவரைத் தேடிப் போக, நான்காம் அத்தியாயத்தில் கதிர் பள்ளியின் எட்டடிச் சுவரில் ஏறுகிறான். உச்சியில் அவனை நிற்க வைத்து 'தொடரும்' போட்டேன். அந்தச் சுவருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் வர்ணனை.

கார்டில் இப்படி இருந்தது: 'அன்புள்ள கதாசிரியர் அக்காவுக்கு, எங்கள் பள்ளிக்குச் சுவரே கிடையாது. கதிர் எதன் மேல் நிற்கிறான்? இப்படிக்கு, ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.'

ஆசிரியர் கார்டை என் மேஜையில் போட்டார். "இன்னாம்மா இது? அந்த ஊருக்குப் போனியா, இல்லியா?"

"பஸ்ல போறப்ப பார்த்திருக்கேன் சார்."

"நானும் பஸ்ல போறப்ப ஏர்போர்ட்ட பாக்கறேன். ப்ளேன் ஓட்டறனா? வெள்ளிக்கிழமை மேட்டர் வரணும். அந்தப் புள்ளைங்க ஒத்துக்கற மாதிரி இருந்தா தொடர் கீது. இல்லாட்டி முற்றும் போட்டுட்டு குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போ."

எனக்கு முன்னால் தொடர் எழுதிக் கவிழ்ந்த இரண்டு பேர் ஏற்கெனவே அங்கேதான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். நான் படித்த பள்ளியில் சுவர், கேட், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. கட் அடிப்பது என்றால் சுவர் ஏறுவதுதான், ரகசியம் என்றால் காதில் கிசுகிசுப்பதுதான். உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஊரே வாட்ச்மேன்

மறுநாளே பஸ் பிடித்தேன். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். வாசல் என்று ஒன்று இல்லை, அவர் நின்ற இடம்தான் வாசல். "வாங்கம்மா, செவுரத் தேடிக்கினு வந்தீங்களா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

ஒரே ஹாலில் ஒன்பதும் பத்தும் நடந்தன. நடுவில் ஒரு கரும்பலகை. இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கணக்கு, இரண்டுக்கும் மேலே கடல் இரைச்சல். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் முன்னால் ஸ்டெல்லா என்ற பெண் தோழியிடம் ஏதோ அந்தரங்கத்தைக் கத்திச் சொன்னாள். அதற்குப் பத்தாம் வகுப்பு சிரித்தது.

"மூணாவது அத்தியாயத்துல கதிர் கிசுகிசுன்னு பேசறானேக்கா, அது யாருக்குக் கேட்டுச்சு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

அப்போது மீன் கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று உள்ளே பார்த்தார். "டேய் அருளு! இன்னாடா முட்டி போட்டுகினு கீற? வூட்டுக்கு வா, வச்சிக்கறேன்." அருளின் அத்தையாம். வாத்தியார் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

மதியம் அருளிடம் கேட்டேன். "சுவர்தான் இல்லையே, ஏன் யாரும் ஓடறதில்ல?"

"எங்கக்கா ஓடறது? வெளிய கால வச்சா அத்தை, அத்தைய தாண்டுனா மாமா, அதுக்கப்பறம் நைனா. உள்ள இருந்தா வாத்தியார் ஒருத்தருதான்."

"அப்ப கதிர் எப்படித்தான் வெளிய போவான்?"

நாற்பத்தொரு பேரும் யோசித்தார்கள். ஸ்டெல்லா எழுந்தாள். மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஹெட்மாஸ்டரைத் தாண்டினாள், அருளின் அத்தையைத் தாண்டினாள், வலை பின்னுகிறவர்களைத் தாண்டிக் கடற்கரைக்கே போய்விட்டாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கையில கொடம் இருந்தா தண்ணிக்குப் போறான்னு வுட்டுடுவாங்கக்கா."

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கதிர் இன்னும் அச்சில் சுவர் உச்சியில் நிற்கிறானே?

"மழைல ஊறி வுழுந்துடுச்சுன்னு போடுங்க," என்றான் அருள். "எங்க சைக்கிள் ஷெட்டு அப்படித்தான் போச்சு."

ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியில் சுவர் இடிந்தது. கதிர் பள்ளிக்குள்ளேயே விழுந்தான், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான், குடத்தை எடுத்தான். ஊரே வழி விட்டது.

வெள்ளிக்கிழமை இதழ் ஆசிரியர் படித்தார். "அவ்ளோ பெரிய செவுரு எப்படிம்மா பொசுக்குனு வுழுந்துது?"

"நான் கட்டினது சார்."

சிரித்துக்கொண்டே லேஅவுட்டுக்கு அனுப்பினார். பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த இதழ் வந்த பிறகு ஹெட்மாஸ்டர் எழுதினார்: 'தங்கள் கதையால் பள்ளியின் எல்லாப் பானைகளிலும் தண்ணீர் தளும்புகிறது. வகுப்பில்தான் ஆள் இல்லை.'

3. இன்னொரு கார்டு

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நான் ஆசிரியர் நாற்காலியில் இருந்தபோது, அதே பள்ளியிலிருந்து மறுபடி ஒரு கார்டு வந்தது.

'எங்கள் பள்ளிக்குச் சுவரும் கேட்டும் கட்டிவிட்டார்கள். குடம் எடுத்துப் போனால் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நூலகத்தில் உள்ள தொடரில் நான்காம் அத்தியாயம் மட்டும் கிழிந்திருக்கிறது. கதிர் சுவர் ஏறியது எப்படி என்று உடனே தெரிவிக்கவும். இப்படிக்கு, ஒன்பதாம் வகுப்பு.'

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதாநாயகனுக்குப் பெயர் வைக்கும் முன்பு, அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். அவன் எப்படிப் பேசுவான், எதற்குப் பயப்படுவான், எந்த வழியில் நழுவுவான் என்பதை அதுவே சொல்லிவிடும். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தக் கார்டைக் காட்டுகிறேன். ஒரு காலத்தில் அந்தரங்கத்தையும் கத்திச் சொன்ன பள்ளிக்கூடம் அது. ஊரே படிக்கக்கூடிய அந்தத் திறந்த கார்டின் உச்சியில் 'ரகசியம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

நான்காம் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி அனுப்பினேன்.