ஒரே அறைக்கு மூன்று ப்ளகின்

நான் வேலை பார்த்த மில் மூடின பிறகு மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு விட்டோம். ஒரே அறைதான். வீடு புதுச்சேரியில், உப்பளம் பகுதியில்.

வருடம் தவறாமல் ஒரு அம்மா வருவார். இங்கே பிறந்து, சின்ன வயதில் பிரான்சுக்குப் போனவர். அவருடைய அப்பா கல்லறை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுவார். அவர் வருவதற்கு முதல் நாள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பது என் வேலை. மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கேட்டதில்லை. அறை கேட்டு அவர் எழுதும் கடிதத்தின் கீழே ஒரு கிறுக்கல் இருக்கும். அதை என்னால் படிக்க முடியாது.

ஒரு வருடம் கிளம்பும்போது சொன்னார்.

"லெட்டர் வந்து சேர ஒரு மாசம் ஆவுது. நீயும் இன்டர்நெட்டுல ஒரு சைட்டு வச்சிக்கப்பா. அதுல ரூம் கேக்கறேன்."

முதலியார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அம்மாவிடம் போனேன். ஒரு வாரத்தில் சைட்டு செய்து கொடுத்தார். அறை போட்டோ இருந்தது, என் மனைவி வைத்த மீன் குழம்பு போட்டோ இருந்தது. அறை கேட்க வழி இல்லை.

"அதுக்குத் தனியா ப்ளகின் போடணும்ண்ணே," என்றார்.

"அது இன்னா?"

"மிக்ஸிக்கு ஜாரு மாதிரி. சட்னிக்கு ஒண்ணு, மாவுக்கு ஒண்ணு. இன்னா வேலை வேணுமோ அத மாட்டிக்க வேண்டியதுதான். ஓசிதான். ஜனங்க குடுத்த ஸ்டார் பாத்து நீங்களே எடுங்க, எனக்கு ஆளு நிக்குது."

நான் படித்தது ஏழாவது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உட்கார்ந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைப் போட்டால் சைட்டு மேல் பனி கொட்டுமாம். புதுச்சேரியில் பனி எதற்கு? ஒன்று ரொம்ப நாளாக மாற்றமே இல்லாதது என்று எழுதியிருந்தது. மெஷின் என்றால் அது நல்ல பேர். இங்கே நல்லதா கெட்டதா, புரியவில்லை. அறை பதிய மட்டும் ஏகப்பட்டது. அதில் மூன்றுக்கு ஒரே அளவு ஸ்டார். எதை எடுப்பது? மூன்று நாள் போய்ப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

மில்லில் ஒரு மோட்டார் ஓடினால் பக்கத்தில் இன்னொன்று தயாராக நிற்கும். ஒன்று நின்றால் தறி நிற்கக்கூடாது. இருபது வருடம் அந்தப் பழக்கம். மூன்றையும் போட்டேன். சைட்டில் மூன்று காலண்டர் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தது. பார்க்க நிறைவாக இருந்தது.

அக்டோபரில் சைட்டைத் திறந்து பார்த்தேன். முதல் ப்ளகினில் ஒரு ஆள் கேட்டிருந்தார். வெறும் மெயில் விலாசம். இரண்டாவதில் ஒரு ஆள், ஏதோ வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். மூன்றாவதில் ஒரு பெண் பெயர். மூவரும் கேட்டது கல்லறைத் திருநாளைத்தான். அந்த நாளில் ஊருக்கு நிறையப் பேர் வருவார்கள். அதனால் சந்தேகம் வரவில்லை. மதாமைத்தான் காணோம். அவருக்கு இல்லாத அறையா? மூன்று பேருக்கும் இல்லை என்கிற பட்டனை அழுத்தினேன்.

மதாம் கேட்கவே இல்லை. நாள் நெருங்கியது. மனைவி மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாள்.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவதோ?"

"தெரியல."

"அவங்க நம்பர வாங்கி வைக்கணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

தோன்றவில்லை. முதல் நாள் போய்ச் சுண்ணாம்பு அடித்தேன். வராவிட்டாலும் கல்லறை அழுக்காகக் கிடக்கக்கூடாது.

மறுநாள் சாயங்காலம் ஒரு மெழுகுவத்தியும் சாமந்தி மாலையும் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். அந்தக் கல்லறை முன்னால் மதாம் நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே மெழுகுவத்தி எரிந்தது.

"எப்ப வந்தீங்க மதாம்?"

"நேத்து. லாட்ஜுல இருக்கறேன்." முகம் கொடுத்துப் பேசவில்லை.

"லாட்ஜா? ஏன்?"

"நீ கேக்கறியா? மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் கெடையாதுன்னு அனுப்பிச்ச. ஒரு தடவ சொன்னா எனக்குப் புரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க கேக்கவே இல்லையே," என்றேன்.

"முதல் காலண்டர்ல அமுக்கினேன், உடனே பதில் இல்ல. ரெண்டாவதுல அமுக்கினேன். அப்புறம் மூணாவது. ஒண்ணு மெயில மட்டும் கேட்டுது, ஒண்ணு குடும்பப் பேரு, ஒண்ணு என் பேரு. எதுக்கு மூணு வச்சிருக்கன்னு தெரியல, எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்துலயும் அமுக்கினேன்."

அக்டோபரில் பார்த்த மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

"அந்த மூணு பேரும் நீங்களா?"

"வேற யாரு?"

"ரூமு காலியாத்தான் இருக்குது மதாம். உங்களுக்குன்னு வச்சிட்டு அந்த மூணு பேரையும் வேணாம்னுட்டேன்."

மதாம் குனிந்து கல்லைத் தொட்டார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"நீதான் ரூமு கெடையாதுன்னுட்டியே, பின்ன இத யாரு அடிச்சதுன்னு நேத்திலேருந்து யோசிச்சிட்டு இருக்கறேன்," என்றார்.

என் கையிலிருந்த மாலையை வாங்கிப் போட்டார்.

அன்றைக்கே லாட்ஜைக் காலி செய்து வந்துவிட்டார். மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு ரூமுக்கு மூணு ப்ளகினு. ஒரு பொண்டாட்டி போதும்னு எப்பிடித்தான் இருந்தீங்களோ!"

மதாம் புரையேறும் வரைக்கும் சிரித்தார். பிறகு ஒரு தாளில் தன் முழுப் பெயர், மெயில் விலாசம், போன் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பத்து வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவர் பெயரைப் படித்தேன்.

அடுத்த வாரம் சென்டருக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "ரெண்ட அழிச்சிடுங்கண்ணே," என்றார். எந்த இரண்டை? ஸ்டார் இன்னும் சமமாகத்தான் இருந்தது. மேலே இருந்ததை வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் அழிக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்தேன். ஸ்பேர் இருக்கட்டும்.