பந்தியில் ஒரே ஒரு பாதாம்

என் தம்பி அப்பாவு சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் சமையல்காரனாக இருந்தான். அவனைப் பற்றி எங்கள் உறவுக்குள் இரண்டு கதைகள் உலவுகின்றன. வெள்ளைக்காரச்சியின் பண்டிகையைக் கெடுத்ததால் அவனைப் பங்களாவிலிருந்து விரட்டினார்கள் என்பது ஒன்று. அவன் கைப்பக்குவத்தில் மயங்கி அவளே கூப்பிட்டு வேலை கொடுத்தாள் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை. அன்று அந்தச் சமையலறையில் நான் இருந்தேன்.

நாங்கள் நகரியில் தறிக் குடும்பம். தம்பிக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவன் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். நைனா, எங்கள் தகப்பனார், அவனை உட்கார வைத்துப் பார்த்தார். நெய்த துணி ஒரு பக்கம் இறுக்கமும் ஒரு பக்கம் தொளதொளப்புமாக வந்தது. அதன் பிறகு பெண்களோடும் சிறு பிள்ளைகளோடும் சேர்ந்து தார் சுற்றினான், அதாவது நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்தான். ஆண் பிள்ளைக்கு அது ஒரு பிழைப்பாகாது.

அதனால்தான் கல்யாணச் சமையல் கிருஷ்ணப்பாவோடு போனான். கிருஷ்ணப்பாவிடம் அவன் கற்ற முதல் வேலை பாயச அண்டாவைக் கலக்குவது. அடியில் தங்கும் முந்திரி ஒவ்வொரு கரண்டியிலும் ஏறி வர வேண்டும். ஒரு இலையில் முந்திரியும் பக்கத்து இலையில் வெறும் பாலும் விழுந்தால் கிருஷ்ணப்பா கரண்டிக் காம்பாலேயே முதுகில் போடுவார். "பந்தியில வஞ்சனை பண்றவன் வம்சம் விளங்காதுடா" என்பார். இந்த வார்த்தை தம்பிக்குள் ஊறிப் போயிற்று.

எனக்குக் கல்யாணமாகிச் சித்தூர் வந்தேன். என் வீட்டுக்காரர் சம்பத் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்துதான் வெல்லம் போகும். டாக்டரும் நர்ஸ்களும் சாப்பிடும் பங்களாவின் சமையலறைக்கு எடுபிடி ஆள் வேண்டும் என்று அவர் காதில் விழ, 1955இல் தம்பியை அங்கே சேர்த்துவிட்டோம். அடுத்த வருஷம் அக்டோபரில் பழைய சமையல்காரர் வேலூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். கரண்டி அப்பாவு கைக்கு வந்தது. ஆனால் நிரந்தரமாக அல்ல.

பங்களா நிர்வாகம் டென்மார்க் தேசத்து நர்ஸ் இங்கர் சிஸ்டர் பொறுப்பில் இருந்தது. பெண்கள் வார்டும் பிள்ளைகள் வார்டும்கூட அவர் பார்வையில்தான். "வருஷம் முடியட்டும், பிறகு சொல்வேன்" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தமிழ் படித்தவர். அச்சடித்த புத்தகம் பேசுவது போலப் பேசுவார்.

அந்த ஒரு சொல்லுக்காகப் புத்தூரில் இன்னொருவரும் காத்திருந்தார். கங்கையா என்று பெயர். தன் மகள் வெங்கடலட்சுமியைத் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. "காலு எப்படி இருந்தா இன்னா, வேலை நிலையா இருந்தா பொண்ணு உண்டு. இல்லேன்னா மன்னிச்சிக்கோங்க" என்று என் எதிரிலேயே சொன்னார். ஆகவே டிசம்பர் முடிவில் தம்பிக்கு வேலையும் கல்யாணமும் ஒன்றாக வரும், அல்லது இரண்டும் சேர்ந்து போகும். போனால் மறுபடியும் நகரியில் தார் சுற்ற வேண்டியதுதான்.

ஆந்திரப் பிரதேசம் உண்டாகி ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். நகரி மெட்ராஸுக்குப் போகுமா, இங்கேயே நிற்குமா என்று மண்டியில் தினமும் சண்டை. பங்களாவுக்குள் அந்தச் சண்டை இல்லை. ஒரே சாப்பாட்டு மேஜையில் பல தேசத்தார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் அது ஒவ்வொரு விதம். அமெரிக்க டாக்டர் வீட்டில் காலை விடிந்ததும் பரிசு. மலையாள நர்ஸுக்கு அதுவரை நோன்பு, விடிந்தால் ஆப்பம். இங்கர் சிஸ்டருக்கு இருபத்து நாலாம் தேதி சாயங்காலமே பண்டிகை. அத்தனையும் சமையல்காரன் தலையில்.

ஹாலந்து நர்ஸ் தன் வீட்டு வழக்கப்படி டிசம்பர் ஐந்தாம் தேதி, டாக்டர் மகளின் பூட்ஸை அடுப்பு ஓரம் வைத்து அதற்குள் மிட்டாய் போடச் சொன்னார். அப்பாவு திகைத்து நின்றான். துன்னுகிற பொருளைச் செருப்புக்குள் போடுவதா, அதுவும் அடுப்பண்டையா? புது பூட்ஸைத் துடைத்து, உள்ளே வாழையிலைத் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் மிட்டாயைப் போட்டான். அந்த அம்மா சிரித்துவிட்டுச் சரி என்றார்.

இங்கிலாந்து சிஸ்டரின் புட்டிங் என்கிற பழக் களி இன்னொரு தொல்லை. அதன் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்தி எடுத்து வர வேண்டுமாம். மதுவிலக்கு ஜில்லாவில் பிராந்திக்கு எங்கே போவது? முந்தின வருஷம் அப்பாவு களியின் மேல் வெற்றிலை வைத்து, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, வலது கையால் தட்டை ஏந்தி வந்தான். பழக்கத்தில் இடது கை கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். அந்த சிஸ்டர் கை தட்டினார்.

இப்படித் தான் திருத்திச் செய்வதெல்லாம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவன் நினைத்துவிட்டான்.

இங்கர் சிஸ்டர் முந்தின இரண்டு கிறிஸ்துமஸுக்கும் இங்கே இல்லை. தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போயிருந்தார். தகப்பனார் இறந்த பிறகுதான் திரும்பி வந்தார். அவர்கள் வீட்டில் பண்டிகை ராத்திரி பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் சாப்பிடுவார்கள். ஏறக்குறைய நம் பால் பாயசம். அதற்குள் ஒரே ஒரு முழு பாதாமை ஒளித்து வைப்பது தகப்பனாரின் வேலை. யார் கிண்ணத்தில் வருகிறதோ அவர் அதைச் சொல்லக் கூடாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல இருக்க வேண்டும். மற்றவர்கள் பாதாமைத் தேடிக்கொண்டே கடைசி வாய் வரை சாப்பிடுவார்கள். பிறகு அவர் பாதாமைக் காட்டிப் பரிசை வாங்கிக்கொள்ளலாம். பரிசு, பாதாம் விழுதில் செய்த சின்னப் பன்றிக்குட்டி மிட்டாய். அந்த வருஷம் அதை அவர் தங்கை கப்பலில் அனுப்பியிருந்தாள்.

இதையெல்லாம் தம்பியிடம் பொறுமையாகச் சொல்லி, "ஒன்று. ஒரே ஒன்று" என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று எடுபிடி ஆள் ஊருக்குப் போயிருந்ததால் பாத்திரம் கழுவ நான் போயிருந்தேன். பாயசம் இறக்கிய பிறகு அப்பாவு பாதாம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னாடா?"

"அநியாயத்தப் பாருக்கா. ஒம்போது பேரு துன்றாங்க. ஒரே ஒரு பாதாம் போடணுமாம்."

"பாதாம் விக்கிற வெலைக்கு அதுவே சாஸ்தி."

"வெல இல்லக்கா. டப்பா ரொம்ப கீது. நீ பந்தியில குந்தினு கீற. பக்கத்து எலைக்கு முந்திரி வுழுது, உன் எலைக்கு வுழல. எழுந்து போவ மாட்ட?"

"நான் போவ மாட்டேன். உங்க மாமா போவாரு."

"போவாரு இல்ல? அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

"அது அவங்க ஊரு வழக்கம்டா. சொன்னபடி செஞ்சிட்டுப் போ."

"பூட்ஸுல எல போட்டேன், திட்டினாங்களா? கற்பூரம் ஏத்தினேன், திட்டினாங்களா? நீ பாத்திரம் தேய்."

ஒன்பது கிண்ணத்திலும் ஆளுக்கு ஒரு பாதாமை அடியில் அழுத்தி, மேலே பாயசத்தை ஊற்றினான். எல்லாம் ஒரே மட்டம்.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கம்பி வலைக் கதவு. அதன் வழியாகப் பார்த்தோம். டாக்டர், அவர் மனைவி, ஆறு வயது மகள், நான்கு நர்ஸ்கள், பாதிரியார், அவர் மனைவி கமலம்மா. பாதிரியார் எல்லை விவகாரத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். டாக்டரின் மகள் ஒரு கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். இங்கிலாந்து சிஸ்டர் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்பூன் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து உதட்டை மூடிச் சிரித்தார்கள். ஒன்பது பேரும் தாங்களே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவு என் தோளைத் தட்டினான். "பாத்தியா? வாயத் தொறக்காம துன்றாங்க. ருசி அப்படி."

கிண்ணங்கள் காலியாயின. இங்கர் சிஸ்டர் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சின்னப் பெண் போல முகம் சிவக்க, தன் வாயிலிருந்த பாதாமை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். உடனே டாக்டரின் மகள் வீறிட்டாள். அவளும் ஒன்றைத் துப்பினாள். பாதிரியார் சங்கடத்தோடு ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு ஒவ்வொருவராக. மேஜையில் ஒன்பது பாதாம் கிடந்தன. டாக்டர் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். இங்கர் சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்பாவு, இங்கே வாரும். எத்தனை போடச் சொன்னேன்?"

"ஒண்ணும்மா."

"எத்தனை போட்டீர்?"

"ஆளுக்கு ஒண்ணு."

"ஏன்?"

"பந்தி வஞ்சனை ஆவக்கூடாதும்மா."

அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. கமலம்மா எடுத்துச் சொன்னார். சிஸ்டர் கேட்டுக்கொண்டு, "இது பந்தி அல்ல, விளையாட்டு. ஒருவர் ஜெயிக்க வேண்டும், மற்றவர்கள் தோற்க வேண்டும். இப்போது ஒருவரும் ஜெயிக்கவில்லை" என்றார். பன்றிக்குட்டியைக் கொண்டு வந்து அவன் முன் வைத்தார். "ஒன்பது பேருக்கும் நீரே பங்கிடும்."

அது கோபத்தில் சொன்ன வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் தலை குனிந்து நின்றிருப்பார்கள். அப்பாவு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். கத்தியை எடுத்து யோசித்தான். வெட்டினால் தலை ஒருவருக்கும் வால் ஒருவருக்கும் போகுமே! கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவி வந்து, பன்றிக்குட்டியைப் பிசைந்து ஒன்பது உருண்டை பிடித்தான். எலுமிச்சை விதையளவுகூட வித்தியாசமில்லை.

சிஸ்டர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அவர் பங்கு உருண்டை தட்டில் அப்படியே இருந்தது.

"வேலை போச்சுக்கா" என்றான் அப்பாவு.

போகும் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "சபாஷ். கல்யாணத்துக்குப் பாதாம் வாங்கற செலவு மிச்சம்" என்றார். புத்தூருக்கு நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

வருஷம் பிறந்த மறுநாள் சிஸ்டர் அவனைக் கூப்பிட்டார். கூட நானும் போனேன்.

"உமக்குப் பங்களாவில் வேலை இல்லை" என்றார். "இந்த வீட்டில் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டை விட்டு வெகு தூரம் வந்தவர்கள். வருஷத்தில் ஒரு நாள் அவர்கள் வீட்டில் நடந்தது போலவே நடக்க வேண்டும். உமக்கு அது நியாயமாகப் படாவிட்டாலும் அப்படியே செய்கிற ஒருவர் வேண்டும். நீர் செய்ய மாட்டீர். உண்மையா?"

அப்பாவு பொய் சொல்லியிருக்கலாம். கால் மாற்றி நின்று, "கஷ்டம்மா" என்றான்.

"வார்டுச் சமையலுக்குப் போவீரா? இன்றிலிருந்து நிரந்தரம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பங்களா என்றால் கோழி, ரொட்டி, வெள்ளைத் துணி போட்ட மேஜை. வார்டு என்றால் கஞ்சி, பால், ரசம் சோறு. ஆனால் சிஸ்டர் மேலே சொன்னதைக் கேட்டதும் விஷயம் விளங்கிற்று. வார்டில் முதல் கட்டிலுக்குப் போகும் பால் கெட்டியாக இருக்கும், கடைசிக் கட்டிலுக்குப் போவதற்குள் தண்ணீராகிவிடும். தெரிந்தவர்களுக்குப் பாலாடை, தெரியாதவர்களுக்குக் கழுவல். இதை நிறுத்த அவர் சண்டை போட்டு அலுத்திருந்தார். "ஒருவருக்கு அதிகம் கொடும் என்று நான் உத்தரவிட்டேன். அப்போதும் உம் கை போகவில்லை. அங்கே எனக்கு அந்தக் கைதான் வேண்டும்" என்றார். சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பில்லை. அவனை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ்களில் பங்களா பாயசத்தை வேறு ஆள் செய்தார்.

புத்தூர் கங்கையா ஒரே கேள்விதான் கேட்டார். "நிலையான வேலைதானே?" தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

1960இல் எல்லை பிரிந்து திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நகரியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. வார்டில் தமிழ்க்காரரும் தெலுங்குக்காரரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, அதே ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் கடைசியிலிருந்து இரண்டாவது கட்டில். கிறிஸ்துமஸ் அன்று எல்லா வார்டுக்கும் பாயசம். அப்பாவு காலை இழுத்து இழுத்துக் கட்டில் கட்டிலாக வந்தான். ஒவ்வொரு முறையும் பக்கெட்டை அடிவரை கலக்கிவிட்டு ஒரு கரண்டி.

எங்களிடம் வந்தான். கலக்கினான். ஒரு கரண்டி ஊற்றினான்.

"டேய், மாமனுக்கு இன்னொரு கரண்டி ஊத்தினா இன்னாடா கொறஞ்சி பூடும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பக்கத்து பெட்டுக்காரரு பாத்துக்கினு கீறாரு மாமா."

"அவன் தூங்கினு கீறான்டா!"

அப்பாவு திரும்பிப் பார்த்தான். அந்த ஆள் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் தம்ளரிலும் கலக்கி ஒரு கரண்டி ஊற்றி, ஈ விழாமல் மூடி வைத்தான். பிறகு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனான்.

வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் குறையாகச் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பாயசம் கடைசிக் கட்டிலிலும் கெட்டியாகவே இருந்தது. நான் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தேன்.