குட்டிக் கம்பி இருந்த இடம்

வண்டி பார்க்க வந்தவரின் கையைச் சிவபாண்டி சட்டென்று பிடித்துவிடுவார். கியருக்குப் பக்கத்தில் முளைத்திருக்கும் இன்னொரு குட்டிக் கம்பியின் மேல் அதை வைத்து, "இதப் போட்டா நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். எம்புட்டுச் சேறுன்னாலும் ஏறிரும்" என்பார். பிறகு வண்டியை ரோட்டில் ஓட்டமாட்டார். வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் திருப்பி, சேற்றில் இறக்கி ஏற்றிக் காட்டிய பிறகுதான் விலைப் பேச்சு.

மதுரை ஷோரூமில் இருபத்தாறு வருடமாக அவர் விற்பது வரையாடு ஜீப். முன்னால் கொம்பு வைத்த தலை இருப்பதால் மேலூர்ப் பக்கம் அதற்கு ஆட்டு ஜீப் என்றுதான் பேர். துடைக்க ஆள் இருந்தாலும் கொம்பை மட்டும் தன் கைக்குட்டையால் தானே துடைப்பார். செருப்பில் மண்ணோடு யாராவது ஏறினால் முகம் கடுத்துவிடும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஜாதகத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு வண்டியைத்தான் விசாரித்தார் என்று மனைவி மலையம்மாள் இன்றும் கேலி செய்கிறாள்.

ஆறு வருடத்தில் கம்பெனி இரண்டு முறை கைமாறியது. கடைசியாக வாங்கியவர்கள் பேரையும் கொம்பையும் வைத்துக்கொண்டு, அடியில் இரண்டு சக்கரம் மட்டுமே இழுக்கும் சாதாரணக் காரைப் பொருத்திவிட்டார்கள். குட்டிக் கம்பி போய், அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு குழி வந்தது. யாராவது கேட்டால் எல்லாம் உள்ளேயே இருப்பதாகச் சொல்லும்படி, பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். சிவபாண்டி ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. தலையாட்டி வைத்தார்.

அப்போதுதான் மேலூர்ச் சின்னக்கருப்பன் வந்தான். அவன் அப்பாவுக்கு ஆட்டு ஜீப் விற்றவரும் இவரேதான். அது ஓய்ந்துபோய், புதிதாக ஒன்று எடுக்க வந்திருந்தான். உட்கார்ந்ததுமே குட்டிக் கம்பியைத் தேடினான்.

"இப்ப அதெல்லாம் உள்ளயே வச்சுட்டாங்க தம்பி" என்றார் சிவபாண்டி.

அன்று வண்டி கண்மாய்ப் பக்கம் போகவில்லை. ரிங் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டிச் சாவியைக் கொடுத்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. மலையம்மாள் கேட்டதற்கு வெயில் என்று சொல்லிச் சமாளித்தார்.

பதினைந்தாம் நாள், பெரிய மழைக்கு மறுநாள், சின்னக்கருப்பன் முழங்கால் வரை சேற்றோடு ஷோரூம் வாசலில் நின்றான். நெல் மூட்டைகளோடு வண்டி வயலில் சிக்கி, டிராக்டரைக் கட்டி இழுத்தார்களாம். ஊரே வேடிக்கை பார்த்ததாம். சட்டையைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தார் சிவபாண்டி. பிடித்திருந்தால் தாங்கியிருப்பார். அவனோ யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியலண்ணே. உள்ள இருக்கிறத எப்படிப் போடுறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் பளபளவென்று நின்ற புது வண்டியின் கதவைத் திறந்து, அந்தச் சேற்றுக் காலோடேயே அவனை ஏற்றி உட்காரவைத்தார். வழக்கம்போல் அவன் கையைப் பிடித்தார். கியருக்குப் பக்கத்துக் குழிக்குள் அதைக் கொண்டுபோய், விரல்கள் அடியைத் தொடும்வரை அமுக்கிப் பிடித்தபடி, தலை குனிந்து நின்றார்.