நான் கேட்டதாக எழுதிய கேள்விகள்

என் பெயரில் இணைய இதழ்களில் வந்த கட்டுரைகளில் "நான் கேட்டேன்" என்று வரும் இடமெல்லாம் பொய். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்டவள் என் மனைவி அஞ்சலை!

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்...

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். வடக்கனந்தலில் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் நைட்டியும் உள்பாவாடையும் தைப்பேன். அஞ்சலை அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு பேருந்தில் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கும் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் போய் விற்றுவருவாள். கடைக்கு யாராவது வந்தால் நான் இயந்திரத்தின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். அவ்வளவு கூச்சம்.

ஆனால் படிப்பதில் பெரும் பசி. கைப்பேசி வந்ததும் இணைய இதழ்களாகத் தேடிப் படித்தேன். பிறகு எழுதும் ஆசை வந்தது. கல்வராயன் மலையைப் பற்றி எழுதி அனுப்பினேன். பசுமைப் போர்வை, பஞ்சு மேகம், பாடும் அருவி... எல்லாமே திரும்பி வந்தன! ஓர் இதழின் ஆசிரியரான அம்மையார் மட்டும் காரணத்தையும் எழுதினார்: "உங்கள் கட்டுரையில் ஒரு மனிதர்கூடப் பேசவில்லையே. நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையா?"

கேட்கத்தான் ஒருநாள் மலைக்குப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முன்னால் நின்றேன். "இன்னா வேணும்?" என்றார் அவர். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். "பழம் வாங்கவா மாமா மலை ஏறுன? கம்முனு கெட. நா கேட்டுக்கினு வரேன்."

கேட்டு வந்தாள். எப்படி என்கிறீர்களா? வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவாள்! "சாமைய பொங்கலுக்குத்தான வெதப்பீங்க?" என்பாள், ஒன்றும் தெரியாதவள்போல. அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிடுவார். "அடியே துணிக்காரி, பொங்கலுக்கு வெதச்சா பனியதாண்டி அறுக்கணும்!" அதன்பிறகு அவரை யாரும் நிறுத்த முடியாது. விதைப்பு, காட்டுப்பன்றிக்குக் காவல் கிடந்தது, கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன மகன், அவன் இன்னும் போன் செய்யாதது... எல்லாம் வரும். தப்பைத் திருத்தாமல் மனிதரால் இருக்க முடியாது என்பதை அவள் எங்கே கற்றாள்? அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தனை குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். நான் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவளைப் போல ஒரு மனிதரைத் திறக்கத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. இது சத்தியம்!

எழுதினேன். "நான் அவரிடம் கேட்டேன்" என்று எழுதினேன். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பிறகு எதுவும் திரும்பி வரவில்லை. ஒருநாள் அந்த அம்மையார், "கட்டுரைகள் ஏற்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று புதியவர்களுக்கு நீங்கள் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். வர்ணனையைக் குறையுங்கள், மனிதர்களைப் பேசவிடுங்கள், தெரிந்ததையே தப்பாகக் கேட்டுப் பாருங்கள்... எல்லாம் உண்மையான அறிவுரைதான். "நான் மலையில் கண்டுபிடித்த வழி" என்று சேர்த்தேனே, அதுதான் பாவம். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பெண், அப்படிக் கேட்டு எழுதியதால் தன் முதல் கட்டுரை ஏற்கப்பட்டது என்று எனக்கு நன்றி எழுதினாள். கூசாமல் வாங்கிக்கொண்டேன்!

பிறகு அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். வழக்கம்போல நான் கைப்பேசியை அஞ்சலையிடம் தள்ளினேன். நைட்டிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார் இல்லீங்களா? வேணும்னே தப்பா கேட்டுப் பேச வைக்கிறாரே, அதப் படிச்சு நாங்கல்லாம் அசந்துட்டோம்மா! உங்க வாயையும் இப்படித்தான் புடுங்குவாரா?"

ஊசி நின்றது. அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க... பொல்லாத ஆளுங்க அவரு!" என்று சிரித்தாள்.

பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "பலே ஆளு மாமா நீ. கண்டக்டர்கிட்ட மீதி சில்லற கேக்க வாய் வராது. மலை முழுக்க கேட்டுக்கினு வந்துட்டியாமே!"

அவ்வளவுதான். சண்டையில்லை. மறுநாளும் மூட்டையோடு போனாள், வந்தாள், கேட்டதையெல்லாம் சொன்னாள். திட்டியிருக்கக் கூடாதா?

அந்த அம்மையாருக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். "அது என் மனைவியின் வழி" என்பது வரை எழுதினேன். அழித்தேன். ஏன்? கூச்சம் என்று சொல்லி உங்களிடம் தப்பிக்கப் பார்க்கிறேன்... கூச்சமில்லை, பயம். தெரிந்துவிட்டால் அடுத்த அழைப்பு அவளுக்குத்தானே வரும்? அப்புறம் நான் யார்? நைட்டி தைக்கிறவன்.

இந்த வாக்குமூலத்தை அந்த அம்மையாருக்கு அனுப்பவில்லை. அவரை அறியாத வேறோர் இதழுக்கு அனுப்புகிறேன். அஞ்சலையிடம் கேட்கவுமில்லை. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், இதை எழுதுவது தெரியாமல்.

இதையும் ஏற்றுக்கொள்வார்கள். இதில் அவள் பேசுகிறாளே! எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் இட்டிருக்கிறேன்.