வூடுன்னு போட்டவர்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஞாயிறுதோறும் லினக்ஸ் என்கிற இலவசக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் பைத்தியங்கள் நாங்கள் கூடுவோம். புது வெர்ஷன் வந்த வாரம் டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. பாப்பாரப்பட்டியிலிருந்து வரும் செல்போன் கடைக்காரர் மட்டும் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தாளம் போட்டபடி சிரிப்பார்.

மெனுக்களைத் தமிழாக்கியபோது, நம் ஃபைல்கள் இருக்கும் 'ஹோம்' ஃபோல்டருக்கு அவர் 'வூடு' என்று எழுதினார்.

"'இல்லம்'னு போடுங்க, அதான் மரியாதை," என்றார் ஒரு வாத்தியார்.

தாளம் நின்றது. "இல்லம்னா முதியோர் இல்லந்தானுங்க ஞாபகம் வருது. நாம திரும்பிப் போறது வூட்டுக்குத்தானுங்களே?"

ஓட்டெடுப்பில் இல்லமே ஜெயித்தது. சில வருஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கலைந்துபோனது.

இப்போது பெங்களூரில், என் கம்ப்யூட்டரில் மட்டும் அது வூடு. ஒவ்வொரு அப்டேட்டும் அதை இல்லமாக்கிவிடுகிறது. நானும் திட்டிக்கொண்டே மறுபடி வூடாக்குகிறேன்.