திராட்சைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

வரிச்சிக்குடியில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு பாகற்காய்ப் பந்தலைப் பார்த்தேன். கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் திராட்சை படர்வதும் இப்படிப் பந்தலில்தானே, ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் சூழ்ந்த நம் மணல்திட்டு சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியதும் வீடு வரும்வரை என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. இதிலெல்லாம் அவசரக்காரி நான். ஆனால் பேய், ஆவி என்றால் சிரிக்கிற ஆள், வேதியியல் படித்தவள். நீங்களும் சிரிக்கலாம், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பிரான்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த அப்பா முதலில் கேலி செய்தார், அப்புறம் அவரே பந்தலுக்குக் கல்தூண் நட்டார். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அம்மா மீன் சாப்பாட்டு உணவகம் தொடங்கினாள். ஆட்கள் படகில் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

திட்டில் நல்ல தண்ணீர், மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கும். கையால் மொண்டால் இனிக்கும், வேகமாக இழுத்தால் உப்பு ஏறிவிடும். வாளியில் ஊற்றி மாளவில்லை என்று அப்பா மோட்டார் வைத்தார். உப்பு ஏறியது. எல்லாக் கொடியும் ஒரே மாதிரிக் கருகியது.

"நாளைக்கு வெட்டிடலாம்மா. போதும் இந்த விளையாட்டு" என்றார்.

அன்று உச்சி வெயில். வழக்கமாக வரும் ஃபாத்திமா அக்கா குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் கொட்டகையில்தான் இருந்தோம். பந்தல் பக்கம் சளக், சளக்கென்று தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"இந்த வெயில்ல இப்படி வேல பாக்குற ஆளா? எங்க ஊட்டுக்கும் அனுப்புங்க" என்று சிரித்தார் அக்கா.

"எங்கள விட்டா இங்க யாருமே இல்லீங்களே" என்றாள் அம்மா. சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடினேன். ஆள் இல்லை, படகெல்லாம் எங்கள் கரையில்தான் கட்டிக் கிடந்தன. நம்பினால் நம்புங்கள், கொடிகளின் தூரில் தண்ணீர் தேங்கி நின்றது, பக்கத்திலேயே மணலில் குடத்தை இறக்கி வைத்த வட்டத் தடம். கால் தடம் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் குடமே கிடையாது. அம்மா தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்லடி."

தடங்களைப் பிடித்துக்கொண்டே போனேன். வடக்கு ஓரத்து வெறும் மணல்மேட்டில் அவை நின்றுபோயின. அங்கே தண்ணீர் மொள்ள ஒரு குழிகூட இல்லை.

அப்பா கொடிகளை வெட்டவில்லை. இப்போது பந்தலெங்கும் துளிர்.

ஆனால் அந்தக் குடம் சில கொடிகளைத் தாண்டிப் போயிருந்தது. அவற்றுக்கும் கரையிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து நானே ஊற்றினேன், மற்றவற்றைவிட அதிகமாகவே. அவை மட்டும் துளிர்க்கவில்லை. அவை பிழைக்காதென்று முன்கூட்டியே யாருக்குத் தெரிந்திருக்கும்?

மோட்டாரைக் கழற்றியாயிற்று. நாளைக் காலை அந்த மேட்டில் ஊற்று தோண்டப் போகிறோம், கையாலேயே. அப்பாதான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"தண்ணி வரட்டும்" என்கிறாள் அம்மா, "மொத இலை அவங்களுக்குத்தான் போடுவேன், யாரா இருந்தா என்ன."